செவ்வாயில் ஓய்ந்த ஊர்தியும் அதனை நடத்திய கைகளும்

2019ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் நாள், அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா ஓர் அறிவித்தலை விடுத்தது. செவ்வாய்க் கிரகத்தின் மீது ஓடித் திரிந்த ஒப்பர்ச்சுனிட்டி என்னும் இயந்திர ஊர்தியின் பணி முடிவுற்றது என்பதே அவ்வறிவித்தல். தொண்ணூறு நாட் பணிக்கென அனுப்பப்பட்ட அவ்வூர்தி, பதினான்கு ஆண்டுகளுக்கு மேலாக உழைத்த பின்னர், புழுதிப் புயலொன்றில் சிக்கி மௌனமாயிற்று. செய்தி கேட்ட மக்கள் பல நாடுகளிலும் துயருற்றனர். இரும்பும் கம்பியும் கண்ணாடியும் கொண்ட ஒரு பொருளுக்கு, உற்றாரை இழந்தார்போல் இரங்கற் செய்திகள் எழுதப்பட்டன.

அந்நாள்களில் ஒரு வாக்கியம் உலகெங்கும் பரவிற்று. தன் பற்றரி வலுவிழந்து வருகிறதென்றும், இருள் கவிந்து வருகிறதென்றும் அவ்வூர்தி தனது இறுதி வார்த்தையாகக் கூறிற்றாம். மாத்தளை மலைச்சாரலில், இரத்தோட்டைப் பகுதியில் ஆசிரியத் தொழில் புரியும் நாம் இவ்வாக்கியத்தை எம் மாணவரின் கைத்தொலைபேசிகளிலும் கண்டிருக்கிறோம். அவர்கள் அதனை மெய்யென்றே நம்புகின்றனர். படித்து மனமுருகவும் செய்கின்றனர்.

உண்மையில் ஊர்தி அவ்வாறு எதனையும் கூறவில்லை. அது அனுப்பியவை எண்கள். சூரியத் தகடுகள் எவ்வளவு மின்சாரம் உண்டாக்குகின்றன, வானம் எவ்வளவு புழுதியால் மூடப்பட்டுள்ளது என்பவற்றை அவ்வெண்கள் காட்டின. அவற்றின் பொருளை அறிவியலாளர் எடுத்துரைக்க, கேட்ட பத்திரிகையாளர் ஒருவர் அதனைத் தம் சொல்லில் உணர்ச்சிகரமாக எழுதினார். பின்னர் பரப்பியோர், எழுதியவர் சொல்லை இயந்திரத்தின் வாயில் வைத்துவிட்டனர்.

இதிலென்ன தீங்கு, கற்பனைதானே என்று கேட்கலாம். இளம் உள்ளங்கள் ஓர் இயந்திரத்தின்பால் பரிவு கொள்வதை நாம் குறைகூறவில்லை. ஆயின் வரலாறு கற்போர் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்றுண்டு. பேசாத இயந்திரம் பேசியதாக நம்பியபோது, அதனைப் பதினான்கு ஆண்டுகள் பேணி நடத்திய மனிதரின் குரல் எங்கே போயிற்று? இக்கேள்வியை முன்வைத்தே அவ்வூர்தியின் வரலாற்றை ஈண்டு நோக்குகிறோம்.

முன்னோடிகள்

வேற்றுலகில் ஊர்தி செலுத்தும் முயற்சி அமெரிக்காவில் தொடங்கியதன்று. 1970ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சோவியத் ஒன்றியத்தின் லூனகோத் 1 சந்திரனில் இறங்கி ஓடிற்று. மனிதகுலம் பிறிதோர் உலகில் செலுத்திய முதல் ஊர்தி அதுவே. 1973 ஜனவரியில் இறங்கிய லூனகோத் 2 ஏறத்தாழ 39 கிலோமீட்டர் ஓடிற்று. இவற்றைக் கிரிமியாவின் சிம்ஃபெரோப்பல் நகரருகே அமைந்த நிலையத்தில் ஐவர் கொண்ட குழுக்கள் முறைவைத்து இயக்கின: தலைவர், ஓட்டுநர், வழிகாட்டி, அலைவாங்கியைத் திருப்புபவர், பொறியாளர் என்போரே அவ்வைவர். சந்திரனிலிருந்து வந்த மங்கலான படங்களைப் பார்த்து, சில நொடி தாமதத்தோடு, பள்ளத்தையும் பாறையையும் தவிர்த்து அவர்கள் ஊர்தியை ஓட்டினர். அந்தச் சாதனையை உலகம் கொண்டாடியது. ஓட்டியவர் பெயர்களோ நெடுங்காலம் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. உழைப்பாளரின் பெயரால் நடந்த அரசும் தன் உழைப்பாளரின் பெயரை மறைத்ததென்பதை நாம் சொல்லாது விடுதல் நேர்மையாகாது.

செவ்வாயிலும் முதல் முயற்சி சோவியத்தினுடையதே. 1971 டிசெம்பர் 2ஆம் நாள் மார்ஸ் 3 என்னும் கலம் அங்கு மெல்லென இறங்கியது. சறுக்குக் கட்டைகளால் நடக்கவல்ல சிறு கருவியொன்று, பதினைந்து மீட்டர் நீளக் கம்பியால் பிணைக்கப்பட்டு, அதனுள் இருந்தது. இறங்கிய சிறிது நேரத்திலேயே கலத்தின் தொடர்பு அறுந்தது. சிறு கருவி வெளிவரவே இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1997 ஜூலையில் அமெரிக்காவின் சொஜேனர் செவ்வாயில் ஓடிய முதல் ஊர்தியாயிற்று. ஏழு நாள் பணிக்கென அனுப்பப்பட்ட அது 83 செவ்வாய் நாள்கள் இயங்கி, ஏறத்தாழ நூறு மீட்டர் நகர்ந்தது.

இம்முன்னோரின் தோல்வியும் வெற்றியும் இன்றி ஒப்பர்ச்சுனிட்டி இல்லை. அதனை நடத்தியோர் இக்கடனை மறக்கவில்லை என்பது மகிழத்தக்கது. 2014இல் தம் ஊர்தி சோவியத் ஊர்தியின் தூரத்தை நெருங்கியபோது, செவ்வாயிலுள்ள சிறு பள்ளமொன்றுக்கு அவர்கள் லூனகோத் 2 என்றே பெயர் வழங்கினர்.

தொண்ணூறு நாளின் பொருள்

2003ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் இரட்டை ஊர்திகள் பூமியிலிருந்து புறப்பட்டன. அவற்றுக்குப் பெயரிட மாணவரிடையே நடந்த கட்டுரைப் போட்டியில், சைபீரியாவில் பிறந்து, அநாதை இல்லத்தில் வாழ்ந்து, பின்னர் அமெரிக்கக் குடும்பமொன்றால் தத்தெடுக்கப்பட்ட சோஃபி கொலிஸ் என்னும் ஒன்பது வயதுச் சிறுமி வென்றாள். உள்ளூக்கம் எனப் பொருள்படும் ஸ்பிரிட், நல்வாய்ப்பு எனப் பொருள்படும் ஒப்பர்ச்சுனிட்டி ஆகிய பெயர்கள் அவள் தந்தவை. ஸ்பிரிட் 2004 ஜனவரி 4ஆம் நாள் குசெவ் என்னும் பெரும்பள்ளத்தில் இறங்கியது. ஒப்பர்ச்சுனிட்டி ஜனவரி 25ஆம் நாள் கிரகத்தின் மறுபுறத்தே, மெரிடியானி சமவெளியில் இறங்கியது.

ஆறு சக்கரங்கள், சூரியத் தகடுகள், கழுத்துப் போல் உயர்ந்த தண்டின் மீது கமராக்கள், பாறையைச் சுரண்டவல்ல கருவி பொருத்திய கை ஆகியவை இவ்வூர்திகளின் உறுப்புகள். பாறையிலுள்ள இரும்புத் தாதுக்களை அறியும் கருவியும், தனிமங்களை அறியும் கருவியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஆக்கப்பட்டவை. புழுதியை ஆராயும் காந்தங்கள் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலிருந்து வந்தவை. ஊர்தியின் செய்தியைச் செவிமடுத்த பேரலைவாங்கிகள் கலிபோர்னியா, ஸ்பெயின், அவுஸ்திரேலியா ஆகிய மூன்று இடங்களில் இருந்தன. ஒரு நாட்டின் கொடியைத் தாங்கிய ஊர்தியாயினும், பல நாடுகளின் உழைப்பு அதனுள் கலந்திருந்தது.

தொண்ணூறு நாள் என்பதற்கு ஒரு விளக்கம் வேண்டும். தொண்ணூற்றோராம் நாள் ஊர்தி உடைந்துவிடும் என எவரும் எதிர்பார்த்திலர். தொண்ணூறு செவ்வாய் நாள்கள் இயங்கி, ஒரு கிலோமீட்டர் அளவு ஓடினால் திட்டம் வெற்றி எனக் கொள்ளப்படும் என்பதே அவ்வெண்ணின் பொருள். சூரியத் தகடுகளில் புழுதி படிந்து மின்சாரம் குன்றும் என்பது பொறியாளரின் அச்சம். ஆயின் செவ்வாயின் காற்று அவ்வப்போது அப்புழுதியைத் துடைத்துச் சென்றது. இயற்கை இவ்வாறு ஒரு கை கொடுத்தது உண்மையே. ஆனால் காற்று தகட்டைத் துடைக்கும்; பழுதான மூட்டைச் சீர்படுத்தாது; புதைந்த சக்கரத்தை மீட்காது. அவற்றைச் செய்தவர் மனிதர்.

பழுதுகளின் வரலாறு

செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே ஒளி செல்லவே மூன்று நிமிடம் முதல் இருபது நிமிடத்திற்கு மேல் வரை ஆகும். ஆதலின் மோட்டார் வண்டியை ஓட்டுவதுபோல் அவ்வூர்தியை ஓட்டுதல் இயலாது. முந்தைய நாளின் படங்களும் எண்களும் வந்து சேரும். எங்கே செல்வது, எதனை ஆராய்வது என அறிவியலாளர் வாதிடுவர். எவ்வளவு மின்சாரம் செலவாகும், எந்தப் பாறை தடுக்கும் எனப் பொறியாளர் கணிப்பர். கட்டளைகளை ஒருவர் எழுத, மற்றொருவர் பிழை பார்க்க, அதன் பின்னரே அவை விண்ணில் அனுப்பப்படும். மறுநாள் மீண்டும் இதே வேலை. பதினான்கு ஆண்டுகள் இவ்வாறு நடந்தது.

செவ்வாயின் ஒரு நாள் நம் நாளைவிட ஏறத்தாழ நாற்பது நிமிடம் நீண்டது. தொடக்க மாதங்களில் ஊழியர் செவ்வாயின் நேரத்திற்கே வேலை செய்தனர். இன்று காலை எட்டு மணிக்குத் தொடங்கிய வேலை நாளை எட்டு நாற்பதுக்குத் தொடங்கும். இரு வாரங்களுக்குள் நள்ளிரவை நோக்கி நகர்ந்துவிடும். மெதுவாய் ஓடும் கைக்கடிகாரங்களைச் செய்வித்து அணிந்துகொண்டனர். குழந்தைகள் விழித்திருக்கும் வேளையில் பெற்றோர் உறங்கினர். இரவுமுறை வேலையின் துன்பம் அறிந்த தொழிலாளர் எவருக்கும் இதன் பொருள் விளங்கும்.

2005 ஏப்ரல் 26ஆம் நாள் ஒப்பர்ச்சுனிட்டி மென்மணல் மேடொன்றில் புதைந்தது. பூமியில் உள்ளோர் மணலையும் களிமண்ணையும் நுண்தூளையும் கலந்து அம்மேட்டைப் போலொன்றை ஆய்வுகூடத்தில் ஆக்கினர். அதில் ஓர் ஊர்தியைப் புதைத்து, மீட்கும் வழியைப் பலவாறு சோதித்தனர். பின்னர் செவ்வாயில் சக்கரங்களைச் சிறிது சிறிதாகச் சுழற்றினர். நல்ல தரையாயின் 190 மீட்டர் ஓடத்தக்க அளவு சக்கரங்கள் சுழன்ற பின், ஏறத்தாழ ஐந்து வாரங்கள் கழித்து, ஜூன் 4ஆம் நாள் ஊர்தி மீண்டது. பொறுமையும் கூட்டுச் சிந்தனையும் அன்றி அங்கு வேறு மந்திரம் இல்லை.

அதே ஆண்டில் வலது முன்சக்கரத்தைத் திருப்பும் பொறி இறுகி நின்றது; சக்கரம் சற்றே உள்நோக்கித் திரும்பியபடியே பல கிலோமீட்டர் ஓட்டினர். தோள்மூட்டைச் சூடாக்கும் கருவி அணையாது மின்சாரத்தைக் குடித்தது. இரவுதோறும் ஊர்தியின் அனைத்தையும் அணைத்து ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தும் முறையைக் கண்டனர். மூட்டு தளர்ந்து கையை மடக்குதல் ஆபத்தென்றானபோது, கையை நீட்டியவாறே ஓட்டக் கற்றனர். நிலையான நினைவகம் கெட்டது. மின்சாரம் நிற்கும்போது அழிந்துவிடும் தற்காலிக நினைவகத்தைக் கொண்டே, உறங்குமுன் அன்றன்றைய செய்தியை அனுப்பிவிடும் வழக்கத்தை மேற்கொண்டனர். இரும்புத் தாதுக்களை அறியும் கருவியிலிருந்த கதிரியக்கக் கோபால்ட் 271 நாளுக்கொருமுறை பாதியாகக் குறையும் இயல்புடையது. முதலில் ஒரு நாளுக்குள் முடிந்த அளவீட்டுக்குப் பின்னாளில் வாரக்கணக்கில் காத்திருந்தனர்.

இரட்டையரில் மற்றதாகிய ஸ்பிரிட்டின் கதை இன்னும் சிந்திக்கத்தக்கது. 2006இல் அதன் வலது முன்சக்கரம் ஒன்று அறவே நின்றுபோயிற்று. ஊர்தியைப் பின்னோக்கி ஓட்டி, செத்த சக்கரத்தை இழுத்துச் சென்றனர். அச்சக்கரம் உழுத தடத்தில் 2007இல் வெண்மையான மண் வெளிப்பட்டது. அதில் ஏறத்தாழ 90 சதவீதம் சிலிக்கா. பழங்காலத்தில் அவ்விடத்தே வெந்நீர் ஊற்றோ நீராவியோ இருந்ததற்கு அது சான்றாயிற்று. பழுது ஒன்று கண்டுபிடிப்பாக மாறியது. பழுதைக் கண்டு கைவிடாதவர் இருந்தமையாலேயே அது நிகழ்ந்தது.

அவர்கள் கண்டறிந்தவை

இவ்வளவு உழைப்பும் எதற்காக? செவ்வாயில் ஒருகாலத்தில் நீர் இருந்ததா, உயிர் வாழத்தக்க நிலை இருந்ததா என்பதே வினா. ஒப்பர்ச்சுனிட்டி இறங்கிய சிறு பள்ளத்தின் சுவரிலேயே படிவுப் பாறைகள் தெரிந்தன. அவற்றிலிருந்து உதிர்ந்த மிளகளவு உருண்டைகள், நீரின் தொழிற்பாட்டால் உண்டாகும் இரும்புத் தாது செறிந்தவை எனக் கண்டனர். ஆனால் அந்நீர் அமிலமும் உப்பும் மிகுந்தது. உயிருக்கு உகந்த நீரைத் தேடி அவர்கள் மேலும் சென்றனர். 2011 ஓகஸ்டில், 22 கிலோமீட்டர் அகன்ற எண்டெவர் பெரும்பள்ளத்தின் விளிம்பை அடைந்தனர். அங்கே நீரால் படிந்த ஜிப்சக் கீற்றையும், அமிலம் குன்றிய நீரில் தோன்றும் களிமண் தாதுக்களையும் கண்டனர். அக்களிமண் கிடைத்த குன்றுக்கு, ஊர்திகளை ஆக்குவதில் உழைத்து 2012இல் மறைந்த பொறியாளர் ஜேக்கப் மட்டிஜேவிக்கின் பெயரைச் சூட்டினர். மன்னர் பெயரும் தளபதி பெயரும் தாங்கிய மலைகள் பூமியில் ஏராளம். செவ்வாயில் தொழில்நுட்பர் ஒருவரின் பெயரால் ஒரு குன்று நிற்கிறது!

பணமும் கொள்கையும்

2008 மார்ச் மாதத்தில், ஊர்தித் திட்டத்தின் நிதியில் நாற்பது இலட்சம் டொலரைக் குறைக்குமாறு நாசாவிலிருந்து பணிப்புரை வந்தது. அவ்வாறு குறைப்பின் ஓர் ஊர்தியை உறங்கவைத்து, ஊழியர் சிலரை நீக்க வேண்டியிருக்குமென அறிவியலாளர் எடுத்துரைத்தனர். எதிர்ப்பு எழுந்தது, சில நாள்களிலேயே பணிப்புரை விலக்கப்பட்டது. செவ்வாயின் கடுங்குளிரும் புழுதியும் கொல்லாத ஊர்தியை, பூமியின் கணக்கேட்டில் எழுதப்படும் ஒரு வரி கொன்றுவிடக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. போருக்கும் படைக்கலத்திற்கும் வாரி வழங்கும் அரசுகள், அறிவுத்துறைக்கு வரும்போது மட்டும் சிக்கனம் பேசுவதை நாம் நன்கறிவோம்.

எட்டு மாதக் காத்திருப்பு

2018 மே மாத இறுதியில் செவ்வாயில் புழுதிப் புயலொன்று கிளம்பியது. சில நாள்களில் நண்பகலே நள்ளிரவாயிற்று. பத்து நாள்களுக்கு முன் நாளொன்றுக்கு 645 வாட்-மணி மின்சாரம் உண்டாக்கிய தகடுகள், ஜூன் 10ஆம் நாள் வெறும் 22 வாட்-மணியே உண்டாக்கின. அதுவே இறுதித் தொடர்பு. ஊர்தியின் 5,111ஆம் செவ்வாய் நாள். புயல் பின்னர் கிரகம் முழுவதையும் மூடியது.

புயல் தணியத் தொடங்கிய பின், 45 நாள்கள் மட்டும் முனைந்து அழைத்துப் பார்ப்பதென ஓகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அக்காலம் போதாதென முன்னாள் ஊழியரும் குரலெழுப்பினர். தகட்டைத் துடைக்கவல்ல காற்று நவம்பர் முதல் ஜனவரி வரை வீசுமாதலின், முயற்சி நீடிக்கப்பட்டது. ஆயிரத்திற்கு மேற்பட்ட கட்டளைகள் அனுப்பப்பட்டன. இறுதிக் கட்டளை 2019 பெப்ரவரி 12ஆம் நாள் சென்றது. பதில் வரவில்லை. மறுநாள் முடிவு அறிவிக்கப்பட்டது. ஊர்தி மொத்தம் 45.16 கிலோமீட்டர் ஓடியிருந்தது. 2,17,000க்கு மேற்பட்ட படங்களை அனுப்பியிருந்தது. ஸ்பிரிட் அதற்கு முன்னரே, 2010 மார்ச்சில் மணலிற் புதைந்த நிலையில் மௌனமாகி, 2011 மே மாதத்தில் கைவிடப்பட்டிருந்தது.

நம் அயலில்

செவ்வாயைத் தேடிய முயற்சி மேல்நாட்டாருக்கு மட்டும் உரியதென எம் மாணவர் எண்ணுதல் தகாது. 2013 நவம்பர் 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் மங்கள்யான் புறப்பட்டது. 2014 செப்டெம்பர் 24ஆம் நாள் செவ்வாயைச் சுற்றும் பாதையை அடைந்தது. அது தரையில் ஓடும் ஊர்தியன்று. வானில் சுற்றும் கலம். ஏறத்தாழ 450 கோடி இந்திய ரூபாயில் ஆக்கப்பட்டது. திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சுப்பையா அருணன் அதன் திட்ட இயக்குநர். கோயம்புத்தூர் மாவட்டத்துக் கோதவாடியில் பிறந்து, தமிழ்வழியில் அரசுப் பள்ளிகளில் பயின்ற மயில்சாமி அண்ணாதுரை, அதன் நிகழ்ச்சித் திட்ட இயக்குநர். தாய்மொழிக் கல்வி விஞ்ஞானத்திற்குத் தடையென்போர் இதனைக் கருத்திற்கொள்வாராக.

மங்கள்யானின் திட்டமிட்ட ஆயுள் ஆறு மாதம். அது ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நிலைத்தது. அங்கும் பேணுதலே காரணம். செவ்வாயின் நிழலில் நெடுநேரம் நின்றால் பற்றரி வற்றிவிடும் என்பதால், 2017 ஜனவரியில் எரிபொருளைச் செலவிட்டுப் பாதையை மாற்றினர். 2022 ஏப்ரலில் நீண்டதொரு நிழலின் விளைவாகத் தொடர்பு அறுந்தது. எரிபொருள் தீர்ந்திருக்க வேண்டுமென்றும், கலத்தை இனி மீட்க இயலாதென்றும் இஸ்ரோ 2022 ஒக்டோபரில் அறிவித்தது.

சந்திரனில் ஓடிய பிரக்யான் ஊர்தி அவ்வளவு காலம் வாழவில்லை. விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 3, 2023 ஓகஸ்ட் 23ஆம் நாள் அதனைத் தரையிறக்கியது. ஏறத்தாழ நூறு மீட்டர் ஓடிய பின், செப்டெம்பர் 2ஆம் நாள் உறங்கவைக்கப்பட்ட அது, சந்திரனின் நெடிய இரவு கழிந்தும் விழிக்கவில்லை. இதற்கு முந்திய சந்திரயான் 2 திட்டத்தின் சோதனைகளுக்கு, நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய சிற்றூர்களில் கிடைக்கும், சந்திரப் பாறையை ஒத்த கற்களைத் தூளாக்கிப் பயன்படுத்தினர். அக்கல்லை வெட்டியவர், சுமந்தவர், அரைத்தவர் யாவரும் சந்திரப் பயணத்தில் பங்காளிகளே. அவர்தம் பெயரை எந்த வெற்றி விழாவிலும் எவரும் வாசிக்கவில்லை.

எண்ணிய தூரமும் எண்ணாத தூரமும்

நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். மனிதரின் உழைப்பால் உண்டான பொருள், தானே உயிருடையது போல் தோன்றி, ஆக்கியவரை மறைத்து நிற்பதைக் காரல் மார்க்ஸ் மூலதனத்தில் விளக்கினார். சந்தையில் பண்டத்திற்கு நேரும் மாயை, செவ்வாயில் ஊர்திக்கும் நேர்ந்தது. ஊர்தி உழைத்ததாம், ஊர்தி பொறுத்ததாம், ஊர்தி தளர்ந்ததாம். உழைத்தும் பொறுத்தும் தளர்ந்தும் போனவர் மனிதர் என்பதை அச்சொற்கள் மறைத்துவிடுகின்றன. இம்மறதிக்கு நடைமுறை விளைவும் உண்டு. ஒப்பர்ச்சுனிட்டியை இயக்கிய அதே கலிபோர்னிய ஆய்வுகூடம், 2024 பெப்ரவரியில் நிதிக்குறைவு காட்டி ஏறத்தாழ 530 ஊழியரையும், அவ்வாண்டு நவம்பரில் மேலும் ஏறத்தாழ 325 பேரையும் வேலைநீக்கம் செய்தது. ஊர்திக்கு எழுதப்பட்ட இரங்கலில் நூறில் ஒரு பங்கேனும் இவர்களுக்காக எழுதப்பட்டதா?

மலையகத்தில் வாழும் எமக்கு இது புதிய செய்தியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட எம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாகத் தம்புள்ளை கடந்து, மாத்தளைக்கு நடந்தே வந்தனர். மலைநாட்டின் வாயிலாய் அவர்கள் கண்ட முதல் நகரம் இம்மாத்தளையே. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தவர் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர் இன்றளவும் ஒருமுடிவுக்கு வந்திலர். செவ்வாயில் ஓர் ஊர்தி ஓடிய தூரத்தை எண்ணிவைத்திருக்கிறது மனித அறிவு. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த மனிதரின் அடிகளை எண்ண அன்றைய ஆட்சியாளருக்கு மனமில்லை. எண்ணும் ஆற்றல் இல்லாமையன்று காரணம்: கோப்பி மூட்டைகளை அவர்கள் பிசகாமல் எண்ணினர், பின்னாளில் கொழுந்தின் எடையையும் செக்ரோலில் நாள்தோறும் பதிந்தனர். கொய்தவரின் வரலாறு மட்டும் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், அவர்தம் வழிவந்தோரை நாட்டின் கணக்கிலிருந்தே நீக்கிற்று; அந்த அநீதியின் எச்சத்தைத் துடைக்க 2003ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் இயற்றப்படும் வரை அரைநூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

தேயிலைத் தொழிற்சாலைகளில், பிரித்தானியப் பட்டறைகளின் பெயர் வார்க்கப்பட்ட பழைய இயந்திரங்களைக் காணலாம். பெல்பாஸ்ட் நகரில் ஆக்கப்பட்ட சிறோக்கோ உலர்த்திகள் அவற்றுள் பேர்பெற்றவை. இவ்வியந்திரங்களும் ஆக்கியோர் குறித்த ஆயுளைக் கடந்து உழைத்தவையே. பல்சக்கரம் தேய்ந்தபோது அதனைச் சீர்செய்தவர், பட்டி அறுந்தபோது தைத்தவர், கொதிக்கும் உலர்த்தியின் அருகே இரவெல்லாம் விழித்திருந்தவர் யார்? இரும்பிலே ஆலையின் பெயர் நிற்கிறது. பேணியவரின் பெயர் எங்கும் இல்லை. செவ்வாயில் நிற்கும் ஊர்திக்கும் லயத்தருகே நிற்கும் தொழிற்சாலைக்கும் இடையே தூரம் கோடிக்கணக்கான மைல். உழைப்பு மறைக்கப்படும் முறையிலோ இரண்டும் அண்டை வீடுகள்.

இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் நோக்கிச் செல்லும் மலைப்பாதையின் உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்று நிற்கிறது. செவ்வாயின் செய்தியைச் செவிமடுத்த பேரலைவாங்கிகளின் எளிய உறவினன் அது. அலைகள் எவ்வாறு மலை கடந்து வருகின்றன என்று அதனைக் காட்டி மாணவருக்கு விளக்கலாம். அத்தோடு நில்லாது, அக்கோபுரத்தின் இரும்பை அம்மலைமீது ஏற்றியவர் யாரென்றும் கேட்கச் செய்யலாம். விஞ்ஞான பாடத்தையும் வரலாற்றுப் பாடத்தையும் பிரித்துவைத்த சுவர் அக்கேள்வியின் முன் தானே இடியும்.

ஆசிரியர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுவே. ஒப்பர்ச்சுனிட்டியின் கதையை வகுப்பறையில் சொல்லுங்கள். மாணவர் கண்கலங்கினால் தடுக்க வேண்டாம். பின்னர், இறுதி வார்த்தை என வழங்கும் அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, இதைச் சொன்னவர் யார் என வினவுங்கள். சக்கரம் புதைந்தபோது மணலைக் கலந்தவர் யார், நிதியைக் குறைக்க முனைந்தவர் யார், முனைந்தபோது எதிர்த்தவர் யார் என அடுத்தடுத்து வினவுங்கள். அம்மாணவர் அன்று மாலை லயத்திற்குத் திரும்பி, தாத்தா எந்தத் தொழிற்சாலையில் எந்த இயந்திரத்தைப் பேணினார் என்று கேட்டு வந்து, மறுநாள் அப்பெயரையும் ஆண்டையும் தம் பயிற்சிப் புத்தகத்தில் எழுதட்டும். எழுதப்படாத பேரேட்டின் முதற்பக்கம் அங்கே தொடங்கும்.